சூடானால் மட்டும் கத்திய ஜென்

டைமிங் பெல்ட் (இஞ்சினின் கிராங்க்கையும் கேமையும் ஒரே தாளத்தில் சுற்ற வைக்கிற ரப்பர் பட்டை) சத்தம் போடுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, இல்லை ஓடிச் சூடான பிறகா? என் மாருதி ஜென் காரை முதலில் பார்த்த மெக்கானிக்குகளில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஃபேன் பெல்ட், ஆல்டர்னேட்டர் பேரிங், டென்ஷனர் என்று வரிசையாகக் காசு போயிருக்காது.

இப்போது சத்தம் இல்லை. ஒரு ஸ்பிரிங் போட்டதும் போய்விட்டது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஸ்பிரிங். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் திட்டுவது வண்டியைத்தான் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

என்னுடையது 2003 மாடல். 1993-ல் வந்து 2006-ல் நின்றுபோன அந்த உருண்டை ஜென்; பிற்பாடு அதே பெயரைச் சேர்த்துக்கொண்டு வந்த எஸ்டிலோ வேறு. சிசி எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு என்பதெல்லாம் தெரிந்த கதை. மன்னார்குடிப் பக்கம் வாய்க்கால் கரையிலும் பாமணி ஆற்றுக் கரையிலும் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த வண்டியின் அருமை தெரியும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஆள் உயரப் பள்ளத்தில் வயல். எதிரே மினி பஸ் வந்தால் ஒதுங்குவதற்கு ஒரு முழம் இடம் இருக்கும். அந்த ஒரு முழத்தில் இடது டயர் எங்கே நிற்கிறது என்பது ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். போனட் தாழ்வு, கண்ணாடி பெரிது, சுற்றிலும் நன்றாகத் தெரியும். இன்றைக்கு வருகிற உயர்ந்த வண்டிகளில் ரிவர்ஸ் கேமரா, சென்சார் எல்லாம் இருக்கின்றன, ஆனால் என் அக்கா மகன் அப்படி ஒரு வண்டியில் வந்து எங்கள் கரைச் சாலையில் இறங்கி இறங்கிப் பார்த்துத்தான் ஓட்டினான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. தென்னை விழுந்து பின்பக்க விளக்கு ஒன்று உடைந்ததோடு வண்டி தப்பித்தது. ராத்திரியானால் போனட்டைத் திறந்து வைத்து, ஐடிலிங்கில் ஓட விட்டு, தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து செல்போனுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெட்ரோல் ஊற்றியது அவர்கள், இஞ்சின் ஓடியது எங்களுடையது. ஒரு தடவைகூட முனகவில்லை. அப்படிப்பட்ட இஞ்சின், நல்ல நாளில், நல்ல ரோட்டில், கத்த ஆரம்பித்தால் எரிச்சல் வருமா வராதா?

சரி, சத்தத்துக்கு வருகிறேன். நாகஸ்வரக் கச்சேரியில் பின்னால் உட்கார்ந்து ஒத்து ஊதுகிறவரைக் கவனித்திருப்பீர்கள், ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். அந்த மாதிரி ஒரு நீளமான ஒற்றை ஊளை. ஆக்சிலேட்டரை மிதித்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். கியர் எதுவாக இருந்தாலும் சரி, வண்டி நின்றுகொண்டிருந்தாலும் சரி, இஞ்சின் சுற்றும் வேகத்தோடு மட்டுமே அதற்கு உறவு. அதனால் வீல் பேரிங், கியர்பாக்ஸ் இரண்டும் அப்போதே கணக்கிலிருந்து போய்விட்டன.

விசேஷம் என்னவென்றால், வீட்டிலிருந்து கிளம்பும்போது இது வராது. மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் போகிற வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட் இருக்கிறதே, சரியாக அங்கே வரும்போதுதான் வரும். அந்த கேட்டைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட்ஸ் வண்டி இஞ்சினை முன்னும் பின்னும் மாற்றுகிற வரை, எக்ஸ்பிரஸ் ஒன்று போகிற வரை, அப்புறம் எதிரே இன்னொன்று வருகிற வரை நிற்க வேண்டும். எல்லோரும் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி டீ குடிப்பார்கள். கேட் திறந்ததும் அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் ஆகும். அந்தக் கூட்டத்தில் என் வண்டி தனியாகத் தெரியும். பக்கத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர்க்காரர் தன் வண்டிச் சத்தத்தையும் மீறித் திரும்பிப் பார்த்து, "அண்ணே, பெல்ட்டு போவப்போவுது" என்று ஒருமுறை சொன்னார். டிராக்டர்க்காரர் சொன்னால் அது சத்தம்தான்.

இந்தச் சத்தம் தொடங்கியது டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு. அந்த வேலையைச் செய்தது ஊர் பெயர் சொல்ல விரும்பாத ஒரு ஒர்க்‌ஷாப். பழைய பெல்ட்டின் ஆயுள் முடிந்திருந்தது, பின்பக்கமாக வளைத்தால் பற்களின் அடியில் முடி கனத்துக்கு வெடிப்புகள் தெரிந்தன. கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருடம் ஆனால் ரப்பர் கெட்டுவிடும், மாற்றியது சரியான வேலை. மாற்றியது மார்கழியில். அப்போது சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை, லேசாக ஏதோ ஒன்று இருந்தது. தை, மாசி தாண்டி வெயில் ஏற ஏறத்தான் இது முழுசாக வெளியே வந்தது. இடையில் சம்பா அறுவடையும் முடிந்திருந்ததால் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. அறுவடை மெஷின் ஓடுகிற நாட்களில் இங்கே ரோட்டிலேயே நெல் காயும், வைக்கோல் தூசும் பதரும் காற்றில் மிதக்கும், ரேடியேட்டரின் வாயெல்லாம் அடைத்துக்கொள்ளும். அதோடு வயலில் தானியம் தீர்ந்ததும் எலி வீட்டுக்கு வரும், வீட்டில் பூனை இருந்தால் இஞ்சினுக்குள் வரும். எங்கள் வீட்டில் பூனை உண்டு.

முதலில் பார்த்த பையன் ஃபேன் பெல்ட் என்றான். ஒரு பார் சோப்பை எடுத்து, ஓடுகிற பெல்ட்டின் ஓரத்தில் தேய்த்தான். சத்தம் மாறவே இல்லை, ஆனாலும் "இப்ப பாருங்க சார், குறைஞ்சிருக்கு" என்றான். பிறகு பெல்ட்டை மாற்றினான். அடுத்தவர் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரின் பேரிங் என்றார், கழற்றிக் காட்டியபோது அதில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது உண்மைதான், மாற்றினேன். இன்னொருவர் போனட்டைத் திறக்காமலே டாப்பெட், அதாவது வால்வை அழுத்துகிற பாகம், என்றார். டாப்பெட் சத்தம் டக் டக் என்று தனித்தனி அடியாக வரும், ஊளையிடாது, அதனால் அவரிடம் வண்டியைக் கொடுக்கவில்லை. அதற்கு அடுத்தவர்தான் டைமிங் பக்கம் காது வைத்தவர். டென்ஷனர் போய்விட்டது என்றார். கழற்றி என் கையில் கொடுத்தார். டென்ஷனர் என்பது பெல்ட்டைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்திருக்கும் சிறிய சக்கரம், உள்ளே பேரிங் இருக்கும். நல்ல டென்ஷனரை விரலால் சுண்டினால் அதிகம் சுற்றாது, உள்ளிருக்கும் கிரீஸ் பிடித்து நிறுத்திவிடும். இது சுண்டியதும் சரசரவென்று வெகுநேரம் சுற்றியது, உள்ளே மணல் இருப்பதுபோல் விரல் நுனியில் தெரிந்தது. கிரீஸ் காய்ந்து போயிருந்தது. ஆக அவர் சொன்னதும் பொய் இல்லை. புதுசு போட்டதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. கொஞ்ச நாள்தான். கோடை நடுவில் பழைய சுருதிக்கே திரும்பி வந்துவிட்டது.

புது டென்ஷனர் அவ்வளவு சீக்கிரம் ஏன் கத்த வேண்டும் என்ற கேள்விக்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. "இப்ப வர்ற சாமான் எல்லாம் அப்படித்தான் சார்" என்றார்கள்.

இந்த இடத்தில், வீட்டில் நானே செய்து பார்த்ததைச் சொல்கிறேன். பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு இது உதவும். பெல்ட் சத்தம் என்று ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் முன்பக்கம் இரண்டு வகைப் பெல்ட் இருக்கிறது. வெளியே தெரிவது ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் ஓட்டுகிற ஃபேன் பெல்ட், ஏசி இருந்தால் அதற்கு ஒன்று. இவை உராய்வால் மட்டுமே புல்லியை, அதாவது பெல்ட் ஓடுகிற சக்கரத்தை, பிடித்திருக்கின்றன, அதனால் வழுக்கும், வழுக்கும்போது கீச்சென்று கத்தும். பனி பெய்த காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் கத்தி, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிற சத்தம் ஏறக்குறைய எப்போதும் இதுதான். ஓடும்போது அந்தப் பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், விரலும் சட்டை நுனியும் தள்ளியே இருக்கட்டும். சத்தம் சட்டென்று மாறினால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

டைமிங் பெல்ட் கவருக்குள்ளே இருப்பது. அதற்குப் பல் உண்டு, புல்லியின் பல்லில் கோத்துக்கொண்டு ஓடுகிறது, அது வழுக்க முடியாது. ஆகவே கீச்சென்று வழுக்கும் சத்தம் அதிலிருந்து வராது. தளர்ந்திருந்தால் கவரில் பட்டுப் படபடவென்று அடிக்கும், பெரும்பாலும் ஐடிலிங்கில். புல்லிகள் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் பெல்ட்டின் ஓரம் உரசிச் சின்னச் சின்னதாய்க் கிறீச்சிடும், ஓரத்தில் நூல் பிரிந்திருக்கும். பேரிங் போயிருந்தால் உறுமும். அளவுக்கு மீறி இறுகியிருந்தால் ஊளையிடும். வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டின் சீல் ஒழுகி ஆயில் பட்டிருந்தால் ரப்பர் ஊறிவிடும், அதற்கு மருந்து கிடையாது, சீலையும் பெல்ட்டையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான். சோப்பு, தேங்காய் எண்ணெய், ஸ்பிரே என்று எதையும் அந்தக் கவருக்குள் அடித்துவிடாதீர்கள். தண்ணீர்ச் சோதனைகூட வெளிப் பெல்ட்டோடு சரி.

எது எந்தப் பக்கம் என்று பிரிக்க ஒரே நேர்வழி, வெளிப் பெல்ட்டுகளைக் கழற்றிவிட்டு இஞ்சினை ஓட்டிப் பார்ப்பதுதான். வாட்டர் பம்ப் சுற்றாது என்பதால் அரை நிமிடம் ஓட்டினால் போதும், அதற்கு மேல் வேண்டாம். என் கேஸில் சத்தம் சூட்டில்தான் வரும் என்பதால் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, சூடாக இருக்கும்போதே கழற்ற வேண்டியிருந்தது. மணிக்கட்டில் எக்ஸாஸ்ட் சூடு பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. பெல்ட் இரண்டும் தரையில் கிடக்க, ஸ்டார்ட் பண்ணினேன். ஊளை அப்படியே இருந்தது. ஆல்டர்னேட்டர் பேரிங்கும் புது ஃபேன் பெல்ட்டும் அன்று நிரபராதிகளாக விடுதலை ஆயின, அபராதம் கட்டியது நான். அப்புறம் ஒரு நீள ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, நுனியை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தேன். லூசான சட்டை, துண்டு எதுவும் இல்லாமல் செய்யுங்கள். டைமிங் கவருக்குப் பக்கத்தில், டென்ஷனர் போல்ட் இருக்கும் இடத்தில் காது வலிக்கிற அளவுக்குக் கேட்டது.

இவ்வளவும் கையில் வைத்துக்கொண்டுதான் கூத்தாநல்லூரில் ஒரு பாயிடம் போனேன். வயதானவர், புது வண்டிகள் எடுப்பதில்லை. அந்த வேலைக்கு கம்ப்யூட்டர் வேண்டும், எனக்குக் காது போதும் என்பார். நான் ஸ்டார்ட் பண்ணப் போனேன், தடுத்துவிட்டார்.

"தம்பி, இரு. காலைலேயே கத்துதா, ஓடுனப்புறமா?"

"ஓடுனப்புறம்தான் பாய். நீடாமங்கலம் கேட்டுகிட்ட."

"பெல்ட் மாத்துனப்புறமா?"

"ஆமா பாய்."

"அப்ப இறுக்கி வச்சிருக்கான்."

வண்டியைத் தொடக்கூட இல்லை. அதுவரை நான் செலவழித்த காசையெல்லாம் அந்த ஒரு வரிக்குக் கொடுத்திருக்கலாம்.

மேல் கவரைக் கழற்றினார். முதலில் உள்ளே இருந்து ஒரு கைப்பிடி பதரும் உமியும் கொட்டின. கவரின் ஓரத்து ரப்பர் பட்டையை எலி ஒரு பக்கம் தின்றுவிட்டிருந்தது, அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது. இதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பாய் ஊதித் தள்ளிவிட்டு, பெல்ட்டின் நீளமான பக்கத்தை, புல்லிக்கும் புல்லிக்கும் நடுவில், கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் திருகினார். சாதாரணமாகக் கால் வட்டம் திரும்ப வேண்டும். இது அதில் பாதிகூடத் திரும்பவில்லை. அதுவும் இஞ்சின் ஆறியிருந்தபோது. என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். விரல்தான் வலித்தது.

அதற்கப்புறம் சொன்னதுதான் எனக்குப் புதுசு. ஜென்னின் இஞ்சின் முழுக்க அலுமினியம், கீழே இருக்கிற பிளாக்கும் அதன் மேல் உட்காருகிற ஹெட்டும். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஓர் அடி அலுமினியம், காலைக் குளிரிலிருந்து ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும் சூட்டுக்குப் போகும்போது அரை மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். அப்போது கீழே பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங்க் தண்டின் புல்லிக்கும் மேலே இருக்கிற கேம் புல்லிக்கும் நடுவே தூரம் கூடுகிறது. பெல்ட்டுக்குள் ஓடுவது கண்ணாடி இழை நூல், அது இழுத்தால் நீளாது. ஆறிய இஞ்சினில் அளவாக இருக்கிற பெல்ட் சூட்டில் கொஞ்சம் இறுகும், அதற்கு இடம் விட்டுத்தான் வைக்க வேண்டும். ஆறியிருக்கும்போதே கடைசி வரை இறுக்கி வைத்தால், சூட்டில் இறுகுவதற்கு இடமே இல்லை. பெல்ட்டின் பற்கள் புல்லியின் பற்களில் அழுந்தி ஊளையிடும், டென்ஷனர் பேரிங் மேல் சுமை ஏறிக் கிரீஸ் காயும். என் புது டென்ஷனர் ஏன் அவ்வளவு சீக்கிரம் செத்தது என்பதும், மார்கழியில் ஏன் கேட்கவில்லை என்பதும், கேட்டில் நின்று ஸ்டார்ட் பண்ணும்போது ஏன் உச்சம் என்பதும் ஒரே மூச்சில் விளங்கிவிட்டன. ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சினை அணைத்தால் தண்ணீர் ஓட்டம் நிற்கும், கொஞ்ச நேரத்துக்கு ஹெட்டில் சூடு இன்னும் ஏறும். நீடாமங்கலம் கேட் அதற்கென்றே கட்டியது.

பாய் டென்ஷனரைப் பார்த்தார், அதன் பக்கத்தில் எதையோ தேடினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஸ்பிரிங் எங்க?"

டென்ஷனர் தகட்டில் ஸ்பிரிங்கின் கொக்கி மாட்டுகிற ஓட்டை இருந்தது. இஞ்சினில் அடுத்த முனை மாட்டுகிற இடமும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. ஓட்டையின் விளிம்பில் கொக்கி உரசின தடயமே இல்லாமல், தூசி சீராகப் படிந்திருந்தது. புது டென்ஷனர் போட்டவரும் ஸ்பிரிங் இல்லாததைப் பார்த்துவிட்டு, அவருக்கு முன் இருந்தவர் வைத்த மாதிரியே ஸ்குரூ டிரைவரால் நெம்பி இறுக்கி மூடியிருக்கிறார்.

அந்த ஸ்பிரிங்கின் வேலை ரொம்பச் சின்னது. பெல்ட்டைக் கோத்தபின் டென்ஷனர் போல்ட்டுகளைத் தளர்த்தி விட்டால், ஸ்பிரிங் தன் பலத்துக்கு மட்டும் டென்ஷனரை இழுத்துப் பெல்ட்டின் மேல் சாய்க்கும். கிராங்க்கை ஸ்பேனரால் கடிகாரச் சுற்றில் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால் எல்லாப் பக்கத்துத் தொய்வும் ஒரே இடத்துக்கு வந்துவிடும். அப்புறம் போல்ட்டை இறுக்க வேண்டியதுதான். எவ்வளவு இறுக்கம் என்று மெக்கானிக் யோசிக்கவே வேண்டாம், அதை இஞ்சினை வடிவமைத்தவன் அந்த ஸ்பிரிங்கில் எழுதி வைத்திருக்கிறான்.

பெல்ட் மாற்றிய ஒர்க்‌ஷாப்புக்கு ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது ஏறிக் கேட்டேன். கோபமாகத்தான் போனேன். அங்கே இருந்தவர் நிதானமாக, "போல்ட்டை இறுக்கினப்புறம் ஸ்பிரிங்குக்கு என்ன சார் வேலை? அது சும்மா தொங்கும். நாங்க எல்லா வண்டிக்கும் கையாலதான் வைக்கிறோம்" என்றார். எரிச்சல் என்னவென்றால், பாதி சரி. இறுக்கியபின் அதற்கு வேலை இல்லைதான். அவர்கள் போட்ட பெல்ட் நல்ல பெல்ட், கேம் குறியும் கிராங்க் குறியும் ஒரு பல்கூட மாறாமல் வைத்திருந்தார்கள். மெக்கானிக் பக்கத்திலிருந்து பார்த்தால், தளர்வாக வைத்துப் பெல்ட் ஒரு பல் தாண்டினால் வண்டி அன்றைக்கே திரும்பி வந்து வாசலில் நிற்கும். இறுக்கி வைத்தால் மாதக்கணக்கில் ஓடும், கெட்டுப்போனாலும் பேரிங் கம்பெனிதான் திட்டு வாங்கும். தப்பு செய்தாலும் இறுக்குகிற பக்கமாகத்தான் செய்வார்கள், யாராக இருந்தாலும். இதெல்லாம் புரிகிறது. ஆனால் கழற்றிய ஸ்பிரிங்கை என்னிடமாவது கொடுத்திருக்கலாம் அல்லவா? அவர்கள் பட்டறைத் தரையில் எந்த எண்ணெய்க் குட்டைக்குள் கிடக்கிறதோ.

பாய் நினைத்திருந்தால் அன்றைக்கே கைக்கணக்கில் சரியாக வைத்துக் கொடுத்திருக்கலாம். அவர் கைக்கு அது தெரியும். மாட்டேன் என்றார். "என் கை இன்னிக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி. ஸ்பிரிங்கு அப்படி இல்ல." சாமான் கடைகளில் கேட்டால் ஸ்பிரிங் தனியாக வராது, கிட்டாக வாங்குங்கள் என்றார்கள், கிட்டிலும் இருக்கவில்லை. கடைசியில் திருச்சியில் பழைய வண்டி உடைக்கும் கடை ஒன்றில், ஒரு ஜென் இஞ்சினோடு ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்காமல் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். விலை என்ன என்று கேட்டேன். கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்து, "டீ வாங்கிக் குடுங்க" என்றார். பஸ் டிக்கெட் அதைவிட அதிகம்.

புது பெல்ட், புது டென்ஷனர், பழைய ஸ்பிரிங், கவருக்குப் புது ரப்பர் பட்டை. பாய் போல்ட்டைத் தளர்த்தியதும் டென்ஷனர் லேசாக அசைந்து, தானே ஒரு இடத்தில் போய் நின்றது. மூடிவிட்டு நேரே நீடாமங்கலம் ஓட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கென்று கேட் திறந்திருந்தது, எனக்காக ஒரு நாளும் திறந்திருக்காத கேட். ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்து, அடுத்து மூடுகிற வரை காத்திருந்தேன். திறந்ததும் ஸ்டார்ட் பண்ணினேன். ஒன்றும் இல்லை. ஒத்துக்காரர் போய்விட்டார். இப்போது கஷ்டம் என்னவென்றால், இத்தனை நாள் அந்த ஊளைக்கு அடியில் ஒளிந்திருந்த டேஷ்போர்டு கடகடப்பும், பின் சீட்டுக்குக் கீழே எங்கிருந்தோ வரும் ஒரு கிணுகிணுப்பும் கேட்கின்றன.

இது முடிந்த கையோடுதான் என் மைத்துனர் திருத்துறைப்பூண்டியிலிருந்து கூப்பிட்டார். அங்கே ஒரு வாத்தியார் தன் ஜென்னை விற்கிறாராம், விலையும் குறைத்திருக்கிறாராம். "அத்தான், எடுக்கலாமா? நீங்கதான் சொல்லணும்."

நான் சொன்ன பதில்: வேண்டாம் மாப்ள.

வண்டி மோசம் என்பதால் இல்லை. மேலே எழுதியதில் ஒரு வார்த்தையை நான் திரும்பப் பெறவில்லை. கரைச் சாலைக்கு இதைவிட நல்ல வண்டியில் நான் உட்கார்ந்ததில்லை. ஆனால் கடைசியாக வந்த ஜென்னுக்கே வயது இருபதை நெருங்குகிறது அல்லது தாண்டுகிறது. பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரலிலேயே 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது. அதையாவது கட்டிவிடலாம். ஒரு ஸ்பிரிங்குக்காகத் திருச்சி போக வேண்டும், சத்தத்தைக் கேட்கத் தெரிந்த ஒருவரைத் தேடிக் கூத்தாநல்லூர் போக வேண்டும், அவருக்கும் வயதாகிறது. 2008-க்குப் பிறகு வந்த மாருதியின் கே சீரிஸ் இஞ்சின்களில் டைமிங் பெல்ட்டே கிடையாது, செயின். எங்கள் தலைவலி அவர்களுக்குப் புரியக்கூடப் புரியாது. மைத்துனர் வேலைக்குப் போகிறவர், காலையில் சாவியைத் திருகினால் ஓட வேண்டும். அவருக்குச் செயின் போட்ட வண்டி ஒன்றைப் பார்க்கச் சொன்னேன்.

அவரும் விடவில்லை. போய்ப் பார்க்கவாவது செய்கிறேன் என்றார். சரி, போவதாக இருந்தால், விற்கிறவரிடம் வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று போனில் சொல்லிவிடு என்றேன். ஆறிய இஞ்சினில் ஒரு தடவை கேள். அப்புறம் ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கிற வரை விட்டு, அணைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி ஸ்டார்ட் பண்ணு. பெல்ட் எப்போது மாற்றியது, பில் இருக்கிறதா என்று கேள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசு. பெல்ட் அறுந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், சில இஞ்சின்களில் வால்வும் வளைந்துவிடும். மேல் கவரைத் திறக்க விட்டால், டென்ஷனர் பக்கத்தில் ஸ்பிரிங் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ்வளவு வேல தெரிஞ்ச உங்க வண்டியையே எனக்குக் குடுத்துடுங்களேன் அத்தான். அதுல ஸ்பிரிங்கு இருக்குல்ல?" என்றார்.

அதுக்கு இன்னும் டேஷ்போர்டு கடகடப்பு பார்க்க வேண்டியிருக்கு மாப்ள, அப்புறம் பேசிக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.